தசை பயாப்சியில் தெரியும் ‘நெமலின் ராட்’ எங்கிருந்து வருகிறது?

கடலூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: அக்கா மகனின் தசை பயாப்சியில் (சிறு தசைத் துண்டை எடுத்துப் பார்க்கும் சோதனை) ‘நெமலின் ராட்’ என்று எழுதியிருக்கிறதே, ஏதாவது கிருமி புகுந்துவிட்டதா?

இல்லைங்க. அது கிருமியும் இல்லை, கட்டியும் இல்லை. தசையின் சொந்தச் சரக்குதான், முறை தவறிக் குவிந்து கிடக்கிறது.

தேவனாம்பட்டினம் கரையில் வலை பின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். நூல்களை முடிச்சுதான் பிடித்து நிறுத்துகிறது. தசை நாருக்குள் ஆக்டின் என்ற மெல்லிய இழைகளை அப்படிப் பிடித்து வைப்பது இசட் கோடு. அங்கே முடிச்சாக இருப்பது ஆல்ஃபா ஆக்டினின் என்ற புரதம். நெபுலின், ஆக்டின் போன்ற புரதங்களுக்கான மரபணுவில் பிழை இருந்தால் இழைகள் சரியாக அமையாது. இசட் கோட்டுப் பொருள் தடித்து, நீண்டு, குச்சிகளாகிவிடும். அந்தக் குச்சிதான் ‘ராட்’. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், சில குச்சிகள் இசட் கோட்டோடு ஒட்டியே நீள்வது தெரியும்.

இந்த ராட் தெரியும் தசை நோய்க்கு நெமலின் மயோபதி என்று பெயர்; 1963-இல் இதை முதலில் விவரித்தார்கள். உறையவைத்த தசைத் துண்டில் கோமோரி ட்ரைக்ரோம் சாயம் ஏற்றினால், நீலப்பச்சை நாருக்குள் குங்குமம் சிந்தியது போலச் சிவப்புப் புள்ளிகள். வழக்கமான சாயத்தில் இவை எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும்.

பயாப்சியில் தெரியும் இன்னொரு தசை நோயான ‘சென்ட்ரல் கோர்’ வேறு கதை. அங்கே நாரின் நடுவில் மைட்டோகாண்ட்ரியா இருக்காது. காரணம் பெரும்பாலும், தசைக்குள் கால்சியத்தைத் திறந்துவிடும் வாயில் புரதத்தின் மரபணுப் பிழை.

ஒன்று முக்கியம்: ராட் நிறைய இருந்தால் நோய் கடுமை என்று அர்த்தமில்லை. பயப்படாமல் மரபணுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். அப்புறம், தூக்கத்தில் பையன் மூச்சு எப்படி விடுகிறான் என்பதையும் டாக்டரிடம் கட்டாயம் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.