முகத்தை மறைத்தால் போதுமா?

கேள்வி: சிறிய செய்தித்தளம் நடத்துகிறோம். கொலை, விபத்துப் படங்களில் முகத்தை மங்கலாக்கி வெளியிட்டால் போதாதா?

பதில்: போதாது. சட்டை, கைக்கடிகாரம், பச்சை குத்திய கை, இதில் ஒன்று தெரிந்தாலே பெற்றவள் அடையாளம் கண்டுவிடுவாள். குடும்பத்துக்குத் தகவல் போகும்வரை படமே வேண்டாம். இன்னொரு தவறு அடிக்கடி நடக்கிறது: எச்சரிக்கை வாசகம் உள்ளே இருக்கும், இணைப்பைப் பகிர்ந்தால் முகப்புப் படமாக அந்த உடலே வந்து நிற்கும். முகப்புக்கு வேறு படம் வையுங்கள். காணொளி தானாக ஓடக் கூடாது.

அதற்காக எல்லாவற்றையும் மூடி மறைப்பதும் அநியாயம். 1955ல் அமெரிக்காவில் நிறவெறியர்கள் கொன்ற 14 வயது எம்மெட் டில்லின் சிதைந்த முகத்தை உலகமே பார்க்கட்டும் என்றவர் அவனுடைய தாய். அங்கே சம்மதம் இருந்தது, காட்ட வேண்டிய காரணமும் இருந்தது.