அறை சரியில்லை, பணம் திரும்புமா?

கேள்வி: சென்னை விமான நிலையம் அருகே ஒரு ஹோட்டலில் தங்கினோம். ஏசி ஓடவில்லை, சொன்ன இலவச வண்டியும் வரவில்லை. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: தாராளமாகக் கேளுங்கள். பில், முன்பதிவு ரசீது, இலவச வண்டி வராததால் எடுத்த வாடகைக் காரின் ரசீது மூன்றையும் இணைத்து, ஹோட்டலுக்கும் முன்பதிவு செய்த தளத்துக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். எவ்வளவு தொகை வேண்டும் என்பதை அதில் எழுதுவது முக்கியம். பலர் அதை எழுதாததால்தான் வெறும் மன்னிப்புக் கடிதம் வருகிறது. மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் பலனில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஹோட்டலுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணமே கிடையாது. 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும்.

இனிமேல் இப்படி நடந்தால், அன்றிரவே வரவேற்பில் எழுத்தில் புகார் கொடுத்து, வேறு அறை கேளுங்கள். காலையில் சொன்னால் ‘அப்போதே சொல்லவில்லையே’ என்பார்கள்.

இன்னொன்று: 15-ம் தேதி அதிகாலை 2 மணிக்கு இறங்குபவர், 14-ம் தேதிக்கு அறை போட வேண்டும். தாமதமாக வருவதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், நீங்கள் வரவில்லை என்று முன்பதிவை ரத்து செய்துவிடலாம்.