அந்தக் கட்டிலைப் பற்றிப் பேசுவோம்

கேள்வி: வயது 42, வங்கி வேலை. மந்தைவெளியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட். இந்தப் பங்குனியில் அறுபத்து மூவர் அன்று மயிலை மாட வீதியில் உடம்பெல்லாம் சிலிர்த்து, என்னை மறந்து அழுதேன். அன்றிலிருந்து நாவல் எழுதுகிறேன். அம்மாவின் இருமல் இடைஞ்சலாக இருந்ததால் அவர் கட்டிலைக் கூடத்தில் போட்டுவிட்டு அந்த அறையில் எழுதுகிறேன். ஞானிகள் இல்லாத இந்தக் காலத்தில் அவர்கள் இடம் நாவலாசிரியனுக்குத்தான் என்று நம்புகிறேன். மனைவிக்குப் புரியவில்லை. வேலையை விட்டுவிடலாமா?

பதில்: தம்பி, ராஜினாமா இருக்கட்டும். முதலில் அந்தக் கட்டில்.

கூடத்தில் கிடக்கும் உங்கள் அம்மா புடவை மாற்றுவது எங்கே? டி.வி.யை அணைத்த பிறகுதானே அவருக்குத் தூக்கம்? விடிகாலையில் யாராவது மணியடித்தால் முதலில் எழுந்து உட்காருவது யார்? இருமல் வரும்போது, உள்ளே பிள்ளை எழுதுகிறானே என்று முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொள்கிறாரா? இது எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. டாக்டரிடம் காட்டியதாகக்கூட ஒரு வரி இல்லை. பெற்றவள் இருமுவது காதில் விழுந்தும் மனதில் விழாதவர் எதைத்தான் எழுதப்போகிறீர்கள்?

உங்கள் பரவசம் பொய் என்று நான் சொல்லவில்லை. அந்த வீதியில் எனக்கும் கண் கலங்கும். நீர்மோர் ஊற்றிக் கொடுத்தவர்களும் அன்று அழுதிருப்பார்கள். அழுதுவிட்டு, அண்டாவைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

அன்று காலை கபாலி குளத்தங்கரையில் நடப்பதைப் பார்த்தீர்களா? பாம்பு தீண்டி இறந்த மகள் பூம்பாவையின் எலும்பையும் சாம்பலையும் குடத்தில் வைத்துக் காத்திருந்த சிவநேசரின் கதை அது. சம்பந்தர் அங்கே தன் ஆனந்தத்தைப் பாடவில்லை. ஓணம், கார்த்திகை விளக்கு, தைப்பூசம், பங்குனி உத்திரம் என்று மயிலையின் விழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதையெல்லாம் காணாமலே போவாயோ என்று அந்தப் பெண்ணைக் கேட்கிறார். அடுத்தவர் வீட்டுத் துக்கத்துக்குள் போய் நின்று பாடிய பாட்டு. நாவலாசிரியனுக்கு இன்றைக்கு வேலை என்று ஒன்று இருந்தால் அது இதுதான். ஞானியின் நாற்காலி காலியாகக் கிடக்கிறது என்று ஓடிப்போய் உட்காருவது அல்ல.

ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயெவ்ஸ்கிக்கு வலிப்பு வருமுன் சில நொடிகள் பேரானந்தம் வருமாம். அதைக் காட்டி அவர் யாரையும் அறையை விட்டு அனுப்பவில்லை. 1864-ல் அண்ணன் இறந்ததும் அவருடைய கடனையும் குடும்பத்தையும் தன் தலையில் ஏற்றுக்கொண்டார். பெரிய நாவல்களையெல்லாம் அந்தச் சுமையோடுதான் எழுதினார்.

மனைவிக்குப் புரியவில்லையா? வயதான மாமியாரை நடுக்கூடத்தில் வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துகிறவருக்கு உங்களைவிட நன்றாகவே புரிந்திருக்கும்.

இன்று ராத்திரியே கட்டில் உள்ளே போகட்டும். நாளைக்கு லீவு போட்டு அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போங்கள், மனைவியை அனுப்பாமல் நீங்களே. எழுத இடம் வேண்டுமென்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தோடு உட்காரத் தனிப் பகுதியே இருக்கிறது. மந்தைவெளியிலிருந்து ஒன்றும் தூரமில்லை. வேலையை விடாதீர்கள், அம்மாவின் மருந்துச் செலவு அந்தச் சம்பளத்திலிருந்துதான் வரவேண்டும்.