ரீஃப் தொட்டிக்கு எந்த உப்பு? களியக்காவிளை வாசகருக்குப் பதில்

களியக்காவிளையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவர் வீட்டில் 150 லிட்டர் ரீஃப் தொட்டி, அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, எட்டு மாதமாக ஓடுகிறது. ஒரு ஜோடி க்ளவுன் மீன், நாலைந்து கொத்து ஜோவாந்திட், இரண்டு லெதர் கோரல் (இரண்டும் கல் எலும்புக்கூடு கட்டாத பவள வகை உயிரிகள்) இருக்கின்றன. கேஹெச் (கார்பனேட் கடினத்தன்மை, நீரில் கரைந்துள்ள கார்பனேட்டின் அளவு) 8 அளவில் நிற்கிறது. திருவனந்தபுரத்துக் கடைக்காரர் கல்பவளத்துக்கென்று (சுண்ண எலும்புக்கூடு கட்டும் பவளம்) விற்கப்படும் விலை கூடிய உப்பை வாங்கச் சொல்கிறார். குளச்சல் நண்பர் ஒருவர் தேங்காப்பட்டணத்திலிருந்து கேனில் கடல்நீரே கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார். அம்மாவோ, கல்லுப்பைக் கரைத்தால் ஆகாதா என்று கேட்கிறார். இதற்கிடையே, சென்ற ஆண்டு வாங்கிய உப்பு பாதி வாளி கட்டிபிடித்துக் கிடக்கிறது, அதை என்ன செய்வது என்பது அவருடைய கடைசிக் கேள்வி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கரைத்த நீரில் கேஹெச் 7.5 முதல் 8.5 வரை தரும் சாதாரண ரீஃப் உப்பு ஒன்றை, கிடைப்பதில் சிறிய வாளியாகப் பார்த்து வாங்குங்கள். அதன்பின் உப்பை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்.

அம்மாவின் கேள்வி நியாயமானது, ஏனென்றால் கல்லுப்பும் கடலிலிருந்து வருவதுதான். ஆனால் புத்தளத்திலோ தூத்துக்குடியிலோ உப்பளத்தில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். பாத்தியில் கடல்நீர் வற்றும்போது முதலில் கால்சியம் கார்பனேட்டும், அடுத்து ஜிப்சமும் அடியில் படிந்து நின்றுவிடுகின்றன. பிறகு சோடியம் குளோரைடு உப்பாக விளைகிறது. மக்னீசியமும் பொட்டாசியமும் புரோமைடும் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு வெளியே போய்விடுகின்றன. ஆக, வாரி எடுக்கப்படும் கல்லுப்பு ஏறத்தாழ முழுவதுமே சோடியம் குளோரைடு. கடல்நீரில் கரைந்துள்ள உப்புகளில் அதன் பங்கு சுமார் 78 விழுக்காடுதான். பவளத்துக்கு வேண்டியவை மிச்சமுள்ள பங்கில்தான் இருக்கின்றன. உப்புத்தன்மை 35 (ஒரு கிலோ நீரில் 35 கிராம் உப்பு) உள்ள கடல்நீரில் கால்சியம் சுமார் 410 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), மக்னீசியம் சுமார் 1290 பிபிஎம், பொட்டாசியம் சுமார் 390 பிபிஎம், கேஹெச் ஏறத்தாழ 7. கல்லுப்பைக் கரைத்தால் நாக்குக்குக் கடல்நீர் போலத் தோன்றலாம், பவளத்துக்கு அது கடல்நீர் ஆகாது.

1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல் கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளை வேதியியலாளர் வில்லியம் டிட்மார் பகுத்தாய்ந்து, 1884இல் முடிவுகளை வெளியிட்டார். எந்தக் கடலில் மொண்டாலும் மொத்த உப்பு கூடலாம், குறையலாம், முக்கிய அயனிகளுக்கு இடையிலான விகிதம் மட்டும் மாறுவதில்லை என்பது அதில் உறுதியானது. இன்று வாளியில் வரும் உப்புக் கலவைகள் எல்லாம் அந்த விகிதத்தைத் திரும்பக் கட்டி எழுப்பும் முயற்சிகளே. அதனால் சோடியத்திலும் குளோரைடிலும் பெரிய நிறுவனங்களுக்கு இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. கேஹெச், கால்சியம், மக்னீசியம் ஆகிய மூன்றில்தான் ஒரு வாளி இன்னொன்றிலிருந்து விலகுகிறது, அதிலும் கேஹெச்சில்தான் விலகல் மிக அதிகம்.

ரெட் சீ நிறுவனத்தின் நீல வாளி உப்பு கேஹெச் 8ஐ ஒட்டி நிற்கும். அதே நிறுவனத்தின் கோரல் புரோ 12ஐ ஒட்டி நிற்கும், கால்சியமும் மக்னீசியமும் அதில் கூடுதல். ட்ராபிக் மரின் புரோ ரீஃப் 7க்கும் 8க்கும் இடைப்பட்டது. இன்ஸ்டன்ட் ஓஷன் 10, 11 என்று வரும். வாளியின் மேல் அச்சிட்டிருப்பதைப் பார்த்து, எந்த உப்புத்தன்மையில் அந்த எண்ணைச் சொல்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். 33இல் அளந்த எண்ணும் 35இல் அளந்த எண்ணும் ஒன்றல்ல.

கடைக்காரர் சொல்லும், கேஹெச் கூடிய உப்பு மோசமான உப்பு இல்லை. வேகமாக வளரும் கல்பவளங்கள் நிறைந்த தொட்டியில் கார்பனேட் அன்றாடம் செலவாகிக்கொண்டே இருக்கும், அங்கே அது பொருந்தும். உங்கள் தொட்டியில் அந்தச் செலவே இல்லை. பாறையும் மணலும் போக அதில் நிற்கும் நீர் ஏறத்தாழ 125 லிட்டர் என்று கொள்வோம். வாரம் 15 லிட்டர் மாற்றுகிறீர்கள், புதுநீரின் கேஹெச் 12, தொட்டியில் 8. முதல் வாரம் தொட்டி 8.5ஐ எட்டும், அதில் கெடுதல் எதுவும் தெரியாது. ஆனால் லெதரும் ஜோவாந்திடும் கல்பவளத்தைப் போல எலும்புக்கூடு கட்டுபவை இல்லை என்பதால், ஏறியது இறங்க வழியில்லாமல் ஒவ்வொரு வாரமும் மேலே போய், இரண்டு மாதத்தில் 10.5ஐத் தாண்டிவிடும். பிறகு ஏதோ ஒரு காரணத்தால் மூன்று வாரம் நீர் மாற்றாமல் விட்டு, ஒரே நாளில் பாதி நீரை மாற்றினால், ஏற்ற இறக்கம் இன்னும் கூடும். பவளங்கள் 7.5இலும் வாழும், 9.5இலும் வாழும். இரண்டுக்கும் நடுவே ஊசலாடுவதைத்தான் அவை தாங்குவதில்லை.

குறைந்த கேஹெச் உப்பை நான் பரிந்துரைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குறைவாக இருப்பதை உயர்த்துவது எளிது. 100 லிட்டர் நீரில் கேஹெச்சை 1 உயர்த்த 3 கிராம் ஆப்ப சோடா போதும், அதைத் தூய நீரில் கரைத்து மெதுவாக ஊற்றினால் வேலை முடிந்தது. கூடுதலாக இருப்பதை இறக்க அமிலத்தைக் கையில் எடுக்க வேண்டும், அது வீட்டில் செய்ய வேண்டிய வேலை அல்ல.

குளச்சல் நண்பரின் யோசனைக்கு வருகிறேன். கடல்நீரை நான் ஒதுக்கவில்லை. கரையோரத்து மீன்குஞ்சுப் பொரிப்பகங்கள் கடல்நீரைத்தான் பயன்படுத்துகின்றன, ஆனால் மணல் வடிகட்டியும் கிருமி நீக்கமும் அங்கே உண்டு. தேங்காப்பட்டணம், குழித்துறை வழியாக வரும் தாமிரபரணி கடலில் கலக்கும் முகம். மழைக்காலத்தில் அங்கே மொள்ளும் நீர் பாதி ஆற்றுநீர், மீன்பிடித் துறைமுகத்தின் டீசல் படலமும் அதன்மேல் இருக்கும். சற்று விலகிப் போய் மொண்டாலும் பருவம் விடாது. தென்மேற்குப் பருவத்தில் இந்தக் கரையில் ஆழத்து நீர் மேலே எழும்பி வருவதால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கூடுகின்றன. நமது மீனவர்களுக்கு அது வலை நிறையும் காலம், உங்கள் தொட்டிக்கோ பாசி பிடிக்கும் காலம். பிறகு வடகிழக்குப் பருவத்தை ஒட்டி வங்கக்கடலின் உப்புக் குறைந்த நீர் குமரியைச் சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கம் வருகிறது. ஆக, ஒரே இடத்தில் மொண்டாலும் ஆகஸ்டில் கிடைக்கும் நீர் வேறு, ஜனவரியில் கிடைக்கும் நீர் வேறு. பிப்ரவரி, மார்ச்சில் அமைதியான கடலில் படகில் உள்ளே சென்று எடுத்து, இருட்டில் இரண்டு வாரம் வைத்து, வடிகட்டி, அளந்து பயன்படுத்த இயலுமானால் செய்யலாம். வாரம் 15 லிட்டருக்காக அந்தப் பாட்டைப் பட வேண்டுமா என்று யோசியுங்கள். நண்பர் நீரோடு பாறையோ பவளத்துண்டோ கொண்டுவந்தால் வாங்காதீர்கள். கல்பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை, நம் கடலிலிருந்து அவற்றை எடுப்பது குற்றம்.

இனி, வாளியின் அளவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் பக்கத்தில் உப்பு கெடுவது பெரும்பாலும் வாங்கிய பிறகுதான். ஒரு லிட்டருக்கு 38 கிராம் என்று வைத்தால் வாரத்துக்கு 570 கிராம், மாதத்துக்குச் சுமார் இரண்டரைக் கிலோ. 20 கிலோ வாளி வாங்கினால் எட்டு மாதம் திறந்து திறந்து மூட வேண்டியிருக்கும். இடவப்பாதியோ (தென்மேற்குப் பருவமழை) துலாமழையோ (வடகிழக்குப் பருவமழை) ஒன்றாவது அந்த எட்டு மாதத்துக்குள் வந்துவிடும். கலவையில் உள்ள மக்னீசியம் குளோரைடும் கால்சியம் குளோரைடும் காற்றின் ஈரத்தை உறிஞ்சக்கூடியவை. ஈரம் பட்ட இடத்தில் கால்சியமும் கார்பனேட்டும் வாளிக்குள்ளேயே சேர்ந்து, கரையாத சுண்ணமாகிவிடுகின்றன. நீங்கள் கரைக்கும்போது அவை திரும்பக் கரைவதில்லை.

இதை நான் என் தொட்டியில் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு ஜூன் மாதம், கிலோ கணக்கில் பாக்கெட்டில் பிரித்துக் கட்டி விற்ற உப்பை, விலை குறைவு என்று ஒரு கடையில் வாங்கினேன். பாக்கெட்டைப் பிரித்தபோது ஓரம் கருப்பட்டி போல இறுகியிருந்தது. உடைத்துப் போட்டுக் கரைத்தேன். நீர் அரிசி கழுவிய கழுநீர் நிறத்தில் நின்றது, மறுநாள் காலையிலும் தெளியவில்லை. டிரம்மின் உட்புறத்தை விரலால் தொட்டால் மாவு போல வெண்படலம் ஒட்டியது. உப்புத்தன்மை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் 35 என்று காட்டியதால் அதை நம்பித் தொட்டியில் ஊற்றிவிட்டேன். அப்புறம்தான் கேஹெச் அளந்தேன், டிரம்மில் மிஞ்சியிருந்த நீரில் 5.5. என் லெதர் கோரல் ஒன்பது நாள் பாலிப்பை (பவளத்தின் மேல் பூப்போல விரியும் சிறு உயிரி) வெளியே நீட்டவில்லை. உப்புத்தன்மை சரியாக இருப்பதால் மட்டும் உப்பு சரியாகிவிடாது என்று அன்று விளங்கியது. பாக்கெட்டில் பிரித்து விற்கும் உப்பை அன்றிலிருந்து நான் வாங்குவதில்லை. அது காய்ந்தே இருந்தாலும், வாளியின் எந்த அடுக்கிலிருந்து அள்ளியது என்பது தெரியாது. கலவையில் கனமானதும் நுண்ணியதும் பயணத்தில் பிரிந்து அடியில் இறங்கும் என்பதால், புது வாளியைத் திறக்கும் முன் படுக்க வைத்துப் பலமுறை உருட்டிக் கலக்க வேண்டும்.

வாளியைத் திறந்த அன்றே இரண்டு வாரத்துக்கான பங்குகளாகப் பிரித்து, தடித்த ஜிப் உறைகளில் காற்றை வெளியேற்றி மூடி, மீண்டும் வாளிக்குள் வைத்துவிடுங்கள். சமையலறையில் அரிசிப்பானைக்குச் செய்வது போலத்தான்.

கரைக்கும் நீர் ஆர்.ஓ. நீராக இருக்கட்டும், ஆனால் வீட்டுக் குடிநீர் ஆர்.ஓ. கருவியில் ஒரு சிக்கல் உண்டு. சுவைக்காக மினரல் கார்ட்ரிட்ஜோ, கிணற்று நீரைக் கொஞ்சம் திரும்பக் கலக்கும் டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள பொருள்களின் மொத்த அளவு) திருகோ அதில் இருக்கும். குழாயில் வரும் நீரின் டிடிஎஸ் 40, 60 என்று காட்டினால் காரணம் அதுதான். அந்தத் திருகை மூடி, மினரல் கார்ட்ரிட்ஜுக்கு முன்பே ஒரு கிளைக்குழாய் எடுத்து, கடைசியில் மிச்ச அயனிகளை நீக்கும் டிஐ ரெசின் குப்பி ஒன்றை மாட்டினால் டிடிஎஸ் 0 கிடைக்கும். விலை கூடிய உப்புக்குச் செலவிடும் பணத்தை இதற்குச் செலவிடுவது மேல்.

நீரில்தான் உப்பைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். உப்பின் மேல் நீரை ஊற்றினால் அடர்த்தி மிகுந்த அந்தக் குழம்பில் சுண்ணம் பிரிந்துவிடும். நீரைச் சுழற்றும் சிறிய பவர்ஹெட் மோட்டார் ஒன்றை ஓடவிட்டு, கண்ணாடி போலத் தெளிந்த பிறகு, உப்புத்தன்மையையும் கேஹெச்சையும் அளந்து பயன்படுத்துங்கள். கேஹெச் கூடிய கலவைகளை நாட்கணக்கில் கரைத்து வைக்கக் கூடாது. ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் நீரில் மட்டும் சரிபார்த்தால் 35இல் பிழை காட்டலாம். அதற்கென்று விற்கும் கரைசல் கிடைக்காவிட்டால் 36.5 கிராம் காய்ந்த தூள் உப்பை 963.5 கிராம் தூய நீரில் கரைத்துக்கொள்ளுங்கள், கருவி அதில் 35 காட்ட வேண்டும். அம்மா கேட்ட சமையல் உப்புக்கு ரீஃப் வேலையில் இந்த ஓர் இடம் உண்டு. தொட்டியில் ஆவியாகிப் போகும் நீருக்கு ஈடாகத் தூய நீரை மட்டும் ஊற்றுங்கள், உப்பு ஆவியாவதில்லை.

புது உப்புக்கு மாறும்போது முதல் மாதம் மட்டும் வாரம் 15 லிட்டருக்குப் பதில் 8 லிட்டர் மாற்றினால் போதும். ஒவ்வொரு புது வாளியிலும் முதல் கரைசலை அளந்து, வாளியின் பேட்ச் எண்ணோடு குறித்து வையுங்கள்.

கட்டிபிடித்த பாதி வாளியில், நடுவிலிருந்து 38 கிராம் எடுத்து ஒரு லிட்டர் டிஐ நீரில் கரைத்து, மறுநாள் பாருங்கள். நீர் தெளிந்து, கேஹெச் வாளியில் சொன்னதற்கு அரைப் புள்ளிக்குள் இருந்தால் பயன்படுத்தலாம். கலங்கலாக நின்றாலோ 7க்குக் கீழே போனாலோ, சோடா போட்டுத் தேற்ற முயலாதீர்கள், கால்சியமும் உடன் போயிருக்கும். அந்த உப்பைத் தென்னை மூட்டில் மரத்துக்கு இரண்டு கைப்பிடி வீதம் போட்டுவிடுங்கள், தென்னைக்குக் குளோரைடு ஆகும்.