சுற்றுலாத் துறையிடம் எதைக் கேட்கலாம்? வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்

தஞ்சாவூரில் 22 வருடமாக டூர் நடத்துகிறேன். முதல் ஆறு வருடம் கைடு, அப்புறம் சொந்தமாக ஒரு சின்ன ஏஜென்சி. நான் அரசு ஊழியர் இல்லை. ஆனால் சுற்றுலா அலுவலகப் படிகளில் பல ஊழியர்களைவிட அதிகமாக ஏறி இறங்கியிருப்பேன். தமிழ்நாடு அரசின் சுற்றுலாத் துறை பற்றிக் கேளுங்கள் என்று போன வாரம் சொன்னேன். வந்ததில் பாதி திட்டுதான். திட்டைக் கழித்துவிட்டு மிச்சமிருக்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

சேலம், கல்லூரி மாணவர்: அக்கா, சுற்றுலாத் துறையும் டி.டி.டி.சி.யும் ஒன்றுதானா?

இல்லை தம்பி. துறை என்பது அலுவலகம், டி.டி.டி.சி. என்பது கடை. கொள்கை வகுப்பது, விழா நடத்துவது, விளம்பரம் செய்வது, மாவட்டத்துக்கு ஒரு சுற்றுலா அலுவலரை வைத்திருப்பது எல்லாம் துறையின் வேலை. டி.டி.டி.சி., அதாவது தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம், 1971இல் தொடங்கிய அரசு நிறுவனம். 'ஓட்டல் தமிழ்நாடு' விடுதிகள், 'அமுதகம்' உணவகங்கள், ஊட்டி, முட்டுக்காடு, பிச்சாவரம் படகுத் துறைகள், பேருந்துச் சுற்றுலாக்கள் எல்லாம் அதன் கையில். விடுதிகளில் சிலவற்றைக் கழகமே நடத்துகிறது, சிலவற்றைத் தனியாரிடம் குத்தகைக்கு விட்டிருக்கிறது. ஒரே பெயர்ப் பலகை மாட்டிய இரண்டு விடுதிகளில் இரண்டு விதமான கவனிப்பு கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நாகர்கோவில்: கன்னியாகுமரியில் படகுக்கு மூன்று மணி நேரம் வரிசையில் நின்றோம். சுற்றுலாத் துறை தூங்குகிறதா?

கோபம் நியாயம்தான் அண்ணே, ஆனால் முகவரி தப்பு. அந்தப் படகுகளை ஓட்டுவது பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம். அதுவும் அரசு நிறுவனம்தான், ஆனால் சுற்றுலாத் துறையின் கீழ் வராது. விவேகானந்தர் நினைவு மண்டபத்தைப் பராமரிப்பது விவேகானந்த கேந்திரம். மண்டபப் பாறையையும் வள்ளுவர் சிலைப் பாறையையும் இணைத்து 2024 டிசம்பர் 30 அன்று திறந்தார்களே, 77 மீட்டர் கண்ணாடிப் பாலம், 37 கோடி ரூபாய் செலவு, அதைக் கட்டியது நெடுஞ்சாலைத் துறை. கரையில் குப்பை கிடந்தால் உள்ளாட்சி, வண்டி நிறுத்த இடமில்லை என்றால் உள்ளாட்சியும் காவல்துறையும்.

இதை விரிவாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கும் இதேதான் விடை. ஆட்கள் எதைப் பார்க்க வருகிறார்களோ அதில் முக்கால்வாசி சுற்றுலாத் துறையின் சொத்து இல்லை. எங்கள் பெரிய கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டடம் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, வழிபாடு அரண்மனை தேவஸ்தானம், அதற்கு மேல் அறநிலையத் துறை, வாசலில் போக்குவரத்துக்குக் காவல்துறை. சுற்றுலா அலுவலர் நல்லவராக இருந்தால் இவர்கள் எல்லாரையும் கலெக்டர் முன்னால் ஒரே மேசையில் உட்கார வைப்பார். அவர் செய்யக்கூடிய பெரிய வேலையே அதுதான். உட்கார வைக்கத் தெரியாதவர் வந்தால் அவர் பதவியில் இருக்கும் காலம் முழுவதும் கோலப் போட்டியோடு முடிந்துவிடும்.

ஈரோடு: ஊட்டிக்குப் போக இ-பாஸ் கேட்பது சுற்றுலாவை வளர்க்கிற வேலையா, கெடுக்கிற வேலையா?

அது சுற்றுலாத் துறையின் யோசனையே இல்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வந்தது. 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் கட்டுப்பாடு விதித்தார்கள். ஊட்டிக்குச் சாதாரண நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, வார இறுதியில் 6,000. நடைமுறைப்படுத்துவது மாவட்ட நிர்வாகம். அரசுப் பேருந்தில் போனால் பாஸ் வேண்டாம். மேட்டுப்பாளையத்தில் காரை விட்டுவிட்டுப் பேருந்து ஏறிய என் வாடிக்கையாளர்கள் யாரும் வருத்தப்பட்டதில்லை.

ஊட்டியிலும் கன்னியாகுமரி கதைதான். தாவரவியல் பூங்காவும் மலர்க் கண்காட்சியும் தோட்டக்கலைத் துறை. மலை ரயில் ரயில்வே. தொட்டபெட்டா வனத்துறையின் இடம், மேலே இருக்கும் தொலைநோக்கி மாடம் மட்டும் டி.டி.டி.சி. ஏரிப் படகும் அவர்களுடையது.

கொடைக்கானல் பக்கத்துக் கிராமம்: வீட்டு மாடியில் மூன்று அறை காலியாக இருக்கிறது. ஹோம்ஸ்டே ஆரம்பித்தால் அரசு உதவி செய்யுமா மேடம்?

பணமாக எதிர்பார்க்காதீர்கள். பதிவும் அங்கீகாரமும்தான் உதவி. அது கையில் இருந்தால் எங்களைப் போன்ற ஏஜென்சிகள் தைரியமாக ஆள் அனுப்புவோம்.

மத்திய அரசின் திட்டத்தில் ஒன்று முதல் ஆறு அறை வரை, மொத்தம் 12 படுக்கைக்குள் இருக்கலாம். வீட்டுக்காரர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருக்க வேண்டும். ஊரில் இருந்துகொண்டு மலையில் ஆள் போட்டு நடத்தினால் அது ஹோம்ஸ்டே இல்லை, லாட்ஜ். மாநிலத்திலும் ஹோம்ஸ்டே, கேம்பிங், கேரவன், சாகசச் சுற்றுலா நடத்துகிறவர்கள் சுற்றுலாத் துறையில் பதிவு செய்ய வேண்டும். உங்கள் மாவட்டச் சுற்றுலா அலுவலகத்தில் கேளுங்கள், படிவமும் கட்டணமும் சொல்வார்கள்.

ஆனால் அதற்கு முன்னால் வீட்டுக்குக் கட்டட அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். மலைப்பகுதியில் விதிகள் வேறு. அனுமதி இல்லாத மாடியில் எத்தனை அழகான அறை கட்டினாலும் ஒருநாள் சீல் வைத்துவிட்டுப் போவார்கள். வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரங்களை ஆன்லைனில் பதிய வேண்டும். இதை மறந்துதான் பலபேர் மாட்டுகிறார்கள். சாப்பாடு போடுவதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புப் பதிவும் வேண்டும்.

கோவை: கேரளாவைப் பாருங்கள். நம்மால் ஏன் முடியவில்லை?

இந்தக் கேள்வி மட்டும் ஒன்பது பேரிடமிருந்து வந்தது!

கேரளா 1986லேயே சுற்றுலாவைத் தொழிலாக அறிவித்தது. 'கடவுளின் சொந்த தேசம்' என்ற வாசகம் 1989இல் பிறந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ ஆட்சி மாறியது, வாசகம் மாறவில்லை. நம் மாநிலத்தின் முதல் சுற்றுலாக் கொள்கை 2023 செப்டம்பரில்தான் வெளியானது. தொழில் அந்தஸ்தும் அதில்தான் வருகிறது. விடுதி கட்டப் போகிறவர் வங்கியிலும் அரசு அலுவலகங்களிலும் 'நானும் தொழிற்சாலைக்காரர் மாதிரிதான்' என்று பேச அது ஒரு பிடிமானம்.

விளம்பரத்தைவிட எனக்குப் பொறாமையாக இருப்பது கேரளத்துக் காயலோர ஊரான குமரகம்தான். 2008இல் அங்கே தொடங்கியது எளிய ஏற்பாடு. ரிசார்ட்டுகள் காய்கறி, மீன், முட்டையை எங்கிருந்தோ லாரியில் இறக்காமல் ஊர்க்காரர்களிடம் வாங்க வேண்டும். குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள் பயிரிட்டுக் கொடுத்தார்கள். விலை பேச, தரம் பார்க்க, இரண்டு தரப்புக்கும் நடுவில் அரசு உட்கார்ந்தது. 2017இல் இதற்கென்றே ஒரு தனி இயக்கத்தையும் ஆரம்பித்தார்கள். வருகிறவன் கொடுக்கும் காசு ஊரில் தங்கினால் ஊர்க்காரனே வாசலைக் கூட்டி வைப்பான். எங்கள் பக்கம் பஸ் வருகிறது, சாமி கும்பிடுகிறார்கள், டீ குடிக்கிறார்கள், பஸ் போய்விடுகிறது.

அதற்காக நம்மையே திட்டிக்கொள்ளவும் வேண்டாம். அவர்கள் ஓய்வை விற்கிறார்கள். நமக்கு வருகிறவர்களில் பெரும்பங்கு பக்தர்கள். பக்தரை இன்னொரு ராத்திரி தங்க வைப்பது எப்படி என்று யோசிப்பதுதான் நமக்கான பாடம். தாராசுரம் சிற்பத்தைச் சாயங்கால வெயிலில் ஒருமுறை காட்டினால் தங்குகிறார்கள். சொந்த அனுபவம்.

சென்னை: இந்தியாவிலேயே அதிகம் பேர் வருவது தமிழ்நாட்டுக்குத்தான் என்கிறார்களே, நிஜமா?

பாதி நிஜம், எண்ணின் அர்த்தத்திலும் கவனம் வேண்டும். 2019இல் உள்நாட்டு வருகை சுமார் 49 கோடி, உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்து இரண்டாம் இடம். வெளிநாட்டு வருகை 68 லட்சத்துக்கு மேல், அதில் முதலிடம். ஆனால் இது தலைக் கணக்கு இல்லை, வருகைக் கணக்கு. ஒரே ஆள் மதுரை, ராமேஸ்வரம், கன்னியாகுமரி போனால் மூன்று வருகை. தமிழ்நாட்டு ஜனத்தொகை ஏழெட்டுக் கோடி என்பதை மனதில் வைத்துக்கொண்டு 49 கோடியைப் படியுங்கள்.

திருச்சி: லண்டன், பெர்லின் கண்காட்சிகளில் ஸ்டால் போடுவது அதிகாரிகள் ஊர் சுற்றவா?

சுற்றுகிறவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஸ்டாலில் ஒரு மேசை கிடைத்தால் என்னைப் போன்ற சின்ன ஏஜென்சிக்கு அது பெரிய விஷயம். தனியாக இடம் பிடிக்க எனக்குக் கட்டுப்படியாகாது. அங்கே வருகிறவர்கள் பயணிகள் இல்லை, வெளிநாட்டு ஏஜென்ட்டுகள். ஒரு ஏஜென்ட் பிடித்தால் வருடத்துக்கு நாலு குரூப்.

அதைவிடப் பலன் தருவது அந்த ஏஜென்ட்டுகளை இங்கே கூட்டிவந்து காட்டுவது. 'ஃபாம் டூர்' என்போம். ஒருமுறை அப்படி வந்த பத்துப் பேருக்குப் பெரிய கோயிலைச் சுற்றிக் காட்டினேன். ராஜராஜன், விமானம், ஓவியம் என்று மூச்சுவிடாமல் பேசி முடித்தேன். ஓர் அம்மாள் நோட்டைத் திறந்து மூன்றே கேள்வி கேட்டார். கழிவறை எத்தனை நிமிட நடை? செருப்பைக் கழற்றிவிட்டு மதிய வெயிலில் கல்லில் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? சக்கர நாற்காலி எதுவரை போகும்? அன்றிலிருந்து என் பையில் எப்போதும் இருபது ஜோடி பருத்திச் சாக்ஸ் இருக்கும்.

மனக்குறையும் ஒன்று உண்டு. வெளிநாட்டுக்காரர் ஆறு மாதம் முன்பே விமான டிக்கெட் போடுகிறார். ஒரு மலை ஊர் மலர் விழாவுக்கு ஒரு வருடம் குரூப் பிடித்திருந்தேன். தேதியை உறுதி செய்யச் சொல்லி ஓர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். விழாவுக்குப் பன்னிரண்டு நாள் முன்னால் அறிவித்தார்கள், அதுவும் என் குரூப் வந்துபோகும் வாரத்துக்கு அடுத்த வாரம். என் குரூப் பூவைப் பார்க்கவில்லை, பந்தல் கால் நடுவதைப் பார்த்தது.

கிள்ளான், மலேசியா: நவக்கிரகக் கோயில்களுக்கு 14 பேர் வருகிறோம், பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். அரசாங்க டூரில் வரலாமா?

டி.டி.டி.சி. சென்னை வாலாஜா சாலையிலிருந்து நவக்கிரகச் சுற்றுலா நடத்துகிறது. இரண்டு மூன்று பேர் என்றால் அதில் வாருங்கள், விலையில் ஏமாற்று இருக்காது. 14 பேருக்குத் தனி வேன்தான் சரி. நான் இந்தத் தொழிலில் இருப்பவள், அதையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

யாரோடு வந்தாலும் இரண்டு விஷயம். பெரும்பாலான கோயில்கள் மதியம் பன்னிரண்டு, ஒரு மணிவாக்கில் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். அதனால் காலையில் கும்பகோணம் பக்கம் சூரியனார் கோயில், கஞ்சனூர், மாலையில் ஆலங்குடி, திருநாகேஸ்வரம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஒன்பதில் திருநள்ளாறு மட்டும் காரைக்காலில், அதாவது புதுச்சேரிக்குள் வருகிறது. வாடகை வண்டிக்கு அந்தப் பக்கம் நுழைய வரியோ பெர்மிட்டோ யார் தலையில் என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். எல்லையில் நின்று பேசினால் சனீஸ்வரர் அங்கேயே வேலையைக் காட்டிவிடுவார்.

தாம்பரம்: டி.டி.டி.சி. திருப்பதி டூரில் தரிசன டிக்கெட்டும் சேர்த்துத் தருவார்களே, இப்போதும் உண்டா?

மாநிலச் சுற்றுலாக் கழகங்களுக்கு இருந்த தரிசன ஒதுக்கீட்டை ரத்து செய்ய 2024 நவம்பரில் தேவஸ்தான அறங்காவலர் குழு முடிவெடுத்தது. பழைய விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள். 'தரிசனம் உண்டா' என்று வாயால் கேட்டு, ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டு பதிவு செய்யுங்கள்.

விழுப்புரம்: பிச்சாவரத்தில் மோட்டார் படகா, துடுப்புப் படகா அக்கா?

துடுப்புதான், சந்தேகமே வேண்டாம். மோட்டார் படகு அகலமான வாய்க்காலோடு நின்றுவிடும். துடுப்புப் படகு சுரபுன்னை வேர்கள் இரண்டு பக்கமும் தொங்கும் சந்துக்குள் நுழையும். ஓர் இடத்தில் துடுப்பு போடவே இடம் இருக்காது. படகுக்காரர் வேரைக் கையால் பிடித்து இழுத்து இழுத்துப் படகை நகர்த்துவார். காலை வெயில் ஏறுவதற்குள் போங்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரமும் அந்தக் காட்டில் இருக்கிறது, கேட்டால் காட்டுவார்கள். தொடவேண்டாம், அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

படகுத்துறை டி.டி.டி.சி., காடு வனத்துறை. மறுபடியும் அதே கதை.

தேனி: மலையேற்றம் நடத்த சுற்றுலாத் துறை அனுமதி போதுமா?

போதாது. காட்டுக்குள் கால் வைக்க வனத்துறை அனுமதி வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் இறந்தது தேனிக்காரரான உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இப்போது வனத்துறையே 2024 அக்டோபரில் 40 பாதைகளைத் திறந்து ஆன்லைனில் பதிவு செய்யவும் வழி வைத்திருக்கிறது. உள்ளூர் வழிகாட்டிகள் கூட வருகிறார்கள். உங்கள் ஆட்களை அதில் அனுப்புங்கள். தங்குவது, சாப்பாடு, வண்டி மூன்றையும் நீங்கள் பார்த்துக்கொள்ளலாம், பிழைப்புக்கு அதுவே போதும்.

பெயர் சொல்லாதவர்: தீவுத்திடல் பொருட்காட்சிக்கும் சுற்றுலாவுக்கும் என்ன சம்பந்தம்?

அதை நடத்துவதும் டி.டி.டி.சி.தான். அரசுத் துறைகள் எல்லாம் அரங்கம் போடும், நாம் டெல்லி அப்பளமும் ராட்டினமும் பார்த்துவிட்டு வருவோம். அடுத்த முறை சுற்றுலாத் துறை அரங்குக்கும் ஓர் எட்டு போய் மாவட்ட வரைபடங்களைக் கேட்டு வாங்குங்கள். இருந்தால் இலவசமாகவே தருவார்கள். என் கடைச் சுவரில் இருப்பது அங்கே வாங்கியதுதான்.