ரோமில் மிஞ்சிய சில்லறை: ஒரு கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் திருச்சியில் அரசுப் பள்ளித் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சென்ற மே மாதம் என் மகன் பணம் கட்டி என்னை ஐரோப்பியச் சுற்றுலாவுக்கு அனுப்பி வைத்தான். 12 நாள், 40 பேர் கொண்ட குழு. பாரிஸில் தொடங்கி சுவிட்சர்லாந்து, வெனிஸ், ஃப்ளாரன்ஸ் என்று போய்க் கடைசியாக ரோம். ரோமைப் பற்றி நீங்கள் எழுதியதையெல்லாம் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டு போனேன்.

ஆனால் ரோமுக்கு வந்து சேர்ந்தபோது என் கால்கள் வீங்கியிருந்தன. குழுவில் பாதிப் பேர் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. பஸ்ஸில் முன் இருக்கை யாருக்கு என்பதில் ஆரம்பித்த சண்டை. சிஸ்டைன் சிற்றாலயத்தில் 15 நிமிடம் அண்ணாந்து நின்றேன். கழுத்து வலித்ததுதான் நினைவில் இருக்கிறது. ஸ்பானியப் படிகளில் உட்காரப் போனால் காவலர் விசில் ஊதி எழுப்பிவிட்டார். பழைய ரோமின் இடிபாடுகளுக்கு நடுவே, காதில் வழிகாட்டியின் குரல் ஒலித்துக்கொண்டிருக்க, நான் மிளகு ரசத்தை நினைத்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருக்கிறது. கடைசி நாள் மதியம் அவரவர் விருப்பம்போல் போகச் சொன்னார்கள். மற்றவர்கள் கடைகளுக்குப் போனார்கள். நான் அறையில் படுத்துவிட்டேன்.

"என்னம்மா பார்த்தாய்?" என்று மகன் கேட்கும்போதெல்லாம் ஏதோ சொல்லிச் சமாளிக்கிறேன். பர்ஸில் 7 யூரோ சில்லறை மிச்சம் இருக்கிறது. பணம் மாற்றுகிறவர் நோட்டைத்தான் வாங்குவேன், சில்லறையை வாங்க மாட்டேன் என்கிறார். குழுவாகப் போனால் எதையும் பார்க்க முடியாது என்பது உண்மைதானா? மகனின் பணத்தை வீணாக்கிவிட்டேனா?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)

*

அன்புள்ள சகோதரிக்கு,

வீணாக்கவில்லை. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச முடியும். உங்கள் கடிதத்தை இரண்டு நாட்களாகக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் பார்க்கத் தவறியவை என்று எழுதியிருப்பதெல்லாம் நீங்கள் பார்த்தவையே என்று எனக்குத் தோன்றுகிறது.

களைப்பிலிருந்து தொடங்குகிறேன். 12 நாளில் மூன்று நாடு என்பது, காலை ஆறு மணிக்குப் பெட்டியை அறை வாசலில் வைத்துவிட்டு இரவு வேறு ஊரில் அதே பெட்டியைத் திறக்கும் வாழ்க்கை. உங்கள் வழிகாட்டி எல்லோரையும் விரட்டிக்கொண்டே இருந்திருப்பார். அவர் மேல் கோபப்பட வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் பஸ் ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தாக வேண்டும். பொதுவாக ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. வண்டிக்குள் இருக்கும் கருவி ஒவ்வொரு நிமிடத்தையும் பதிவு செய்கிறது. ஓட்டுநரின் களைப்புக்கு அங்கே சட்டம் இருக்கிறது. பயணியின் களைப்பை யாரும் கணக்கு வைப்பதில்லை. போதாததற்கு, ரோமின் பழைய நகர்ப்பகுதிக்குள் சுற்றுலா பஸ்களுக்குக் கடுமையான கட்டுப்பாடு. எங்கேயோ இறக்கிவிட, மீதியை நடந்தே தீர்க்க வேண்டும். உங்களை எழுப்பிவிட்ட காவலரும் 2019-இல் வந்த விதியைத்தான் நிறைவேற்றினார். இப்படி ஒரு பயணத்தின் பத்தாம் நாளில் கால் வீங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அடுத்தது கழுத்து வலி. சிஸ்டைன் சிற்றாலயத்தின் விதானத்தை மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை வரைந்தார். மல்லாந்து படுத்துக்கொண்டு வரைந்தார் என்று பலர் நம்புகிறார்கள். இல்லை, சாரத்தின் மேல் நின்று, அண்ணாந்து வரைந்தார். அந்த வலியைப் பற்றி அவரே ஒரு கவிதை எழுதியிருக்கிறார். தாடி வானத்தைப் பார்க்கிறது, தூரிகையிலிருந்து சாயம் முகத்தில் சொட்டுகிறது, உடம்பு வில்லாக வளைந்துவிட்டது என்றெல்லாம் நண்பருக்கு முறையிடுகிறார். அங்கிருந்து நீங்கள் கழுத்து வலியோடு வந்தீர்கள் என்றால், அந்த ஓவியம் உருவான விதத்தில் ஒரு சிறு பங்கை உடம்பால் அறிந்துகொண்டு வந்திருக்கிறீர்கள்.

மிளகு ரசத்துக்கு வருகிறேன். இதைப் படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன். அந்த இடிபாடுகளுக்கு நடுவே மூன்று மாபெரும் வளைவுகள் மட்டும் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமானியப் பேரரசர் மாக்சென்டியஸ் கட்டத் தொடங்கி, கான்ஸ்டன்டைன் முடித்த மண்டபத்தின் மிச்சம் அது. அந்த மண்டபம் எழும்புவதற்கு முன் அங்கே என்ன இருந்தது தெரியுமா? மிளகுக் கிடங்கு. கி.பி. 81 முதல் 96 வரை ஆண்ட பேரரசர் டொமிஷியன் கட்டியது. ரோமானியர் அதை மிளகின் பெயராலேயே அழைத்தார்கள். முசிறியில் ஏற்றிய மிளகு செங்கடல் கடந்து, எகிப்தின் பாலைவனம் கடந்து, நைல் நதியில் இறங்கி, மறுபடி கடல் ஏறி அந்தத் தெருவுக்குத்தான் வந்து சேர்ந்தது. காரத்தைத் தவிர வேறு ஒன்றும் இல்லாத இந்தப் பொருளுக்காக இந்தியாவரை போகிறோமே என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி அலுத்துக்கொண்டார். அவர் காலத்தில் ஒரு ராத்தல் கருமிளகு 4 தெனாரியஸ் என்ற வெள்ளிக்காசு. 408-இல் கோத் இன மன்னர் அலாரிக் ரோமை முற்றுகையிட்டபோது, விலகிப் போவதற்கு அவர் கேட்ட பொருள்களில் பொன்னும் வெள்ளியும் பட்டும் இருந்தன; 3,000 ராத்தல் மிளகும் இருந்தது. யவனரின் மரக்கலம் பொன்னோடு வந்து கறியோடு, அதாவது மிளகோடு, திரும்பியதை அகநானூற்றிலிருந்து எத்தனை ஆண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பீர்கள்! அந்தக் கறி போய் இறங்கிய இடத்தில் நின்றுகொண்டு உங்கள் நாக்கு மிளகைக் கேட்டிருக்கிறது. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. வழிகாட்டி சொல்லாமல் விட்டது உங்களுக்குத் தானாகத் தோன்றியிருக்கிறது.

இனி அந்தக் கடைசி மதியம். என் கதையைச் சொல்கிறேன்.

நான் முதன்முதலில் ரோமுக்குப் போனதும் குழுவோடுதான். 38 பேர். எங்கள் விடுதி ஊருக்கு வெளியே, வட்டச் சாலையை ஒட்டி இருந்தது. எங்களுக்கும் புறப்படுவதற்கு முந்தின நாள் மதியம் விடுப்பு. குழுவில் கும்பகோணத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் இருந்தார். எல்லோரும் டீச்சரம்மா என்று கூப்பிடுவோம். அவருக்கு முழங்கால் வலி. கடைக்கு வரவில்லை என்றார். "ஆனால் தம்பி, இந்தச் சில்லறையை ஊருக்குக் கொண்டுபோய் என்ன செய்வது? ஏதாவது கோயில் உண்டியலில் போட்டுவிடலாமே" என்றார். உங்கள் பர்ஸில் இருப்பதைப் போலத்தான். ஆளுக்கு ஒன்றரை யூரோ டிக்கெட் எடுத்து மெட்ரோவில் ஏறினோம்.

இறங்கியபின் அவரால் தொடர்ந்து நடக்க முடியவில்லை. ரோமின் தெருமுனைகளில் இடுப்பளவு உயரத்தில் வார்ப்பிரும்புக் குழாய்கள் நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். வளைந்த மூக்குப்போல் ஒரு துளை, அதிலிருந்து நாள் முழுவதும் தண்ணீர். 1874-இலிருந்து இருக்கின்றன, ஊர் முழுக்க ஏறத்தாழ 2,500. ஊர்க்காரர்கள் பெரிய மூக்கு என்றுதான் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். மூக்கின் முனையை விரலால் அடைத்தால் மேலே இருக்கும் சிறு துளையிலிருந்து தண்ணீர் வில்லாக எழும்பும், குனியாமல் குடிக்கலாம். குனிய முடியாத டீச்சரம்மாவுக்கு அது பெரிய சந்தோஷம். மூன்று முறை அடைத்துப் பார்த்தார். முகம் கழுவினார். பிறகு நடக்க முடிந்தது.

நவோனா சதுக்கத்துக்கும் பாந்தியனுக்கும் நடுவில் சான் லுயிஜி என்ற தேவாலயம் இருக்கிறது. ரோமில் வாழ்ந்த பிரெஞ்சுக்காரர்களுக்காகக் கட்டியது. டிக்கெட் கிடையாது. உள்ளே குளிர்ச்சி, அரை இருட்டு. இடப்பக்கம் ஒரு சிற்றாலயத்தின் முன் பத்துப் பேர் ஒன்றும் தெரியாத இருட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்தில் ஓர் இரும்புப் பெட்டி. காசு போட்டால் விளக்கு எரியும். ஒரு நிமிடம் சொச்சத்தில் அணைந்துவிடும்.

டீச்சரம்மா ஒரு யூரோவைப் போட்டார். பெட்டிக்குள் காசு விழும் ஓசை. விளக்கு எரிந்தது. சுவரில் ஆள் உயரத்துக்கும் மேலே மனிதர்கள்.

ஓவியர் கரவாஜோ 1599-இலும் 1600-இலும் வரைந்தது. புனித மத்தேயு வரி வசூலிப்பவராக இருந்தபோது ஏசு வந்து அழைக்கும் காட்சி. ஒரு மேசையைச் சுற்றி ஐந்து பேர். வலப்புறம் ஏசு நுழைந்து கை நீட்டுகிறார். அவர் தலைக்கு மேலே வெளிச்சம் சாய்வாக உள்ளே வந்து விழுகிறது. அந்தச் சிற்றாலயத்தின் உண்மையான ஜன்னலும் அதே திசையில்தான். எனக்குத் தெரிந்ததையெல்லாம் நான் சொல்லிக்கொண்டே போனேன். மூன்றாவது காசு போடும்போது, "கொஞ்ச நேரம் பேசாதீர்கள் தம்பி" என்றார்.

நாலாவது காசு. ஐந்தாவது காசு. ஒவ்வொரு முறையும் இருட்டு வரும், யாரும் நகர மாட்டார்கள், காசு விழும், மறுபடி அதே மனிதர்கள். "அந்தக் கடைசிப் பையனைப் பாருங்கள்" என்றார். மேசையின் இடது ஓரத்தில் தலையைக் குனிந்து காசு எண்ணிக்கொண்டிருக்கும் இளைஞன். "பெயர் சொல்லிக் கூப்பிட்டும் நிமிராதவன். என் வகுப்பில் வருடத்துக்கு ஒருவன் இருப்பான்." விளக்கு அணைந்தது. அடுத்த முறை எரிந்தபோது, நீட்டிய ஏசுவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டு லேசாகத் தளர்ந்து, விரல் முழுதாக நீளாத கை. "இதை நேற்று எங்கேயோ பார்த்தோமே" என்றார்.

பார்த்திருந்தோம். சிஸ்டைன் விதானத்தில் ஆதாம் கடவுளை நோக்கி நீட்டும் கை அது. கரவாஜோ அங்கிருந்துதான் அதை எடுத்துக்கொண்டார் என்று கலை வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். டீச்சரம்மா எதையும் படித்திருக்கவில்லை. முந்தின நாள் கூட்டத்தில் இடிபட்டு, கழுத்து வலித்து, ஒன்றும் பார்க்கவில்லை என்று புலம்பியவர். கண் அதற்குள் வாங்கி வைத்துவிட்டிருந்தது. உங்கள் கண்ணும் வாங்கி வைத்திருக்கிறது, சகோதரி. மைக்கலாஞ்சலோவின் அந்தக் கையை ஒரு புத்தகத்தில் எடுத்துப் பாருங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள்.

பதினோரு காசு தீர்ந்தது. விளக்கு அணைந்தது. அவர் பர்ஸைத் துழாவிக்கொண்டிருக்க, பின்னால் முதுகுப்பையோடு நின்ற ஒரு பெண் முன்னால் வந்து தன் காசைப் போட்டாள்.

கடைசி நாட்களில் புதிதாக எதையும் சேர்க்க முடியாது, சேர்க்கவும் வேண்டாம் என்பது அன்றிலிருந்து என் உறுதியான எண்ணம். 1788 ஏப்ரலில் ரோமை விட்டுப் புறப்படும் முன் கவிஞர் கதே நிலா வெளிச்சத்தில் நடந்த இடங்களெல்லாம் அவர் ஓராண்டுக்கும் மேலாகப் பார்த்துப் பழகியவை: பெரிய வீதி, கேப்பிடல் குன்று, கொலோசியம். கி.பி. 8-இல் நாடு கடத்தப்பட்ட ரோமானியக் கவிஞர் ஓவிட் தன் கடைசி ரோம் இரவைப் பற்றி எழுதிய வரிகள் மட்டும் மனத்தில் திரும்பத் திரும்ப வந்ததாகக் கதே எழுதியிருக்கிறார்.

குழுவாகப் போனால் எதையும் பார்க்க முடியாதா என்று கேட்டீர்கள். எங்கள் பஸ்ஸிலும் முன் இருக்கைச் சண்டை நடந்தது. ஒருவர் துண்டு போட்டு இடம் பிடிப்பார். இன்னொருவர் அதை எடுத்துப் பின்னால் எறிவார். அன்று இரவுச் சாப்பாட்டில் டீச்சரம்மா அந்தப் படத்தை மேசை மேல் கரண்டிகளை வைத்து விளக்கினார். இது மத்தேயு, இது ஏசு, இது நிமிராத பையன். எங்கள் விமானம் மறுநாள் மாலையில். காலையில் ஒன்பது பேர் கிளம்பிவிட்டோம். துண்டு போட்டவரும் வந்தார், எறிந்தவரும் வந்தார். எல்லோர் பர்ஸிலும் இருந்த சில்லறையைக் காலி ஊறுகாய் டப்பா ஒன்றில் சேர்த்திருந்தார்கள். அன்று விளக்கு அரை மணி நேரத்துக்கும் மேல் அணையாமல் எரிந்தது. தனியாகப் போயிருந்தால் எனக்கு இரண்டு நிமிட வெளிச்சம்தான் கிடைத்திருக்கும். தனியாகப் பயணம் போவதே உயர்ந்தது என்று எழுதுகிறவர்களோடு நான் சண்டை போடுவது இதனால்தான்.

நடைமுறையாக ஒன்று. இனி யாராவது உங்களிடம் யோசனை கேட்டால், கடைசி ஊரில் ஒரு மதியம் விடுப்பு உண்டா என்று பணம் கட்டும் முன்பே கேட்கச் சொல்லுங்கள். அந்த மதியத்துக்கு ஒரே ஓர் இடம் போதும். உட்கார இடம் இருக்க வேண்டும்.

உங்கள் 7 யூரோவை யாருக்கும் விற்க வேண்டாம். மகன் வேலையாகவோ விடுமுறைக்கோ என்றாவது அந்தப் பக்கம் போவார்; கொடுத்தனுப்புங்கள். நவோனா சதுக்கத்திலிருந்து பாந்தியனை நோக்கி நடந்தால் ஐந்து நிமிடம்கூட ஆகாது. நுழைந்ததும் இடப்பக்கம் ஐந்தாவது சிற்றாலயம். இடது சுவர்.