ஒன்பது குழி, நாலு கோடி

கேள்வி: மதுரையில் அழகர்கோவில் சாலைப் பக்கம் உள்ள ஒரு பழைய கிளப்பில் நான் கௌரவப் பொருளாளர். சங்கங்கள் சட்டத்தில் பதிவான கிளப். உறுப்பினர்கள் 400 பேர். கோல்ஃப் ஆடுகிறவர்கள் 70 பேர் இருந்தால் அதிகம். மற்றவர்களுக்குச் சீட்டு, நீச்சல், டென்னிஸ், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சாப்பாடு. ஒன்பது குழி மைதானம், 55 ஏக்கர். அதில் 15 ஏக்கர் அரசுக் குத்தகை, மீதி சொந்தம். கோடையில் ஃபேர்வே (குழி வரை பந்து அடித்துக்கொண்டு போகிற நீளமான புல்வெளி) கட்டாந்தரை. ஐப்பசியில் கிரீன் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) மேல் தண்ணீர் நிற்கும். மூன்று குழிகளில் இன்னும் புல் கிரீனுக்குப் பதில் எண்ணெய் கலந்த மணல் 'பிரவுன்'தான். கமிட்டி ஒருமுறை கொடைக்கானல் போய் ஆடிவிட்டு வந்ததிலிருந்து மைதானத்தையே மாற்றிக் கட்ட வேண்டும் என்கிறது. எஸ்டிமேட் 4 கோடி, புதிதாக இரண்டு போர்வெல் உட்பட. தலைக்கு ஒரு லட்சம் லெவி (கட்டாய வசூல்), உறுப்பினர்களிடம் 12 சதவீத வட்டிக்கு டெபாசிட், வங்கிக் கடன், அல்லது ரோட்டை ஒட்டிய 6 ஏக்கரை எடுத்துக்கொண்டு மைதானத்தை இலவசமாகக் கட்டித்தருவதாகச் சொல்லும் ஒரு பில்டர். இந்த நாலில் எது நல்லது? இந்தத் தலைவலி எதற்கு, ராஜினாமா பண்ணுங்கள் என்கிறார் மனைவி. அதற்கும் பதில் சொல்லுங்கள்.
– பெயர் வேண்டாம், மதுரை

பதில்: சார், நாலு வழியையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பணம் எங்கிருந்து வரும் என்று உங்கள் கமிட்டி மாதக்கணக்கில் பேசியிருக்கும். தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதற்கு எஸ்டிமேட்டில் இருப்பது 'இரண்டு போர்வெல்' என்ற ஒரே வரி. அழகர்கோவில் சாலையில் சித்திரை வெயிலில் போர்வெல் என்ன பாடு படுத்தும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்த சுமார் 4,000 லிட்டர் வேண்டும். மே மாத வெயிலில் புல் பச்சையாக நிற்க நாளைக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்தால் ஏக்கருக்கு 20,000 லிட்டர். ஃபேர்வே 25 ஏக்கரையும் நனைக்க நாளைக்கு 5 லட்சம் லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி நாற்பதுக்கு மேல். ஊரில் குடத்தோடு ஜனம் நிற்கிற மாதத்தில் உங்கள் கேட்டுக்குள் இத்தனை லாரி போனால் அடுத்த வாரமே மறியல்தான். நியாயமான மறியல்.

இப்போது கிரீனுக்கு மட்டும் கணக்குப் போடுங்கள். ஒரு கிரீன் 5,000 சதுர அடி, நம்ம கணக்கில் பதினொன்றரை சென்ட். ஒன்பதும் சேர்ந்தால் ஒரு ஏக்கரை ஒட்டித்தான் வரும். டீக்களுக்கு (ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கிற மேடை) அரை ஏக்கர் சேர்த்தாலும் நாளைக்கு 30,000 லிட்டர் போதும். ஆட்டத்தின் தரத்தை முடிவு செய்வது இந்த ஒன்றரை ஏக்கர்தான். மீதி 53 ஏக்கர் கோடையில் காய்ந்து கிடந்தால் பந்து இன்னும் இருபது கஜம் கூட உருளும். ஆடுகிறவர் யாரும் அதற்காகப் புகார் சொல்லப்போவதில்லை.

கொடைக்கானல் ஆசையையும் இங்கேயே முடித்துக்கொள்ளலாம். அந்த கிளப் 1895-லிருந்து இருக்கிறது. மலை, குளிர், இரண்டு பருவமழை எல்லாம் சேர்ந்து அங்கே புல்லை வளர்க்கின்றன. நமக்கு வருடத்துக்கு 850 மில்லிமீட்டர் வாக்கில் மழை. அதில் பாதிக்குப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். அந்த இரண்டு மாதத் தண்ணீரைப் பிடித்து வைப்பதுதான் உங்கள் மைதானத்தின் முதல் வேலை.

அதற்கு ஒரு குளம் வெட்டுங்கள். மைதானத்தின் தாழ்ந்த மூலையில், சொந்த நிலத்தில், ஒரு ஏக்கர் பரப்பு, மூன்று மீட்டர் ஆழம். கரைச் சரிவு போக சுமார் 80 லட்சம் லிட்டர் நிற்கும். கிரீனுக்கும் டீக்கும் நாளைக்கு 30,000, வெயில் குடிப்பது 20,000 என்று போட்டாலும் தையிலிருந்து வைகாசி முடியும் வரை ஓட்டிவிடலாம். குளத்துக்கு மேலே இருக்கிற 40 ஏக்கரில் 400 மில்லிமீட்டர் பெய்து, அதில் ஐந்தில் ஒரு பங்கு ஓடி வந்தாலே நிரம்பிவிடும். அடியில் கரிசல் என்றால் தண்ணீர் நிற்கும். செம்மண் என்றால் ஷீட் விரிக்கிற செலவையும் எழுதிக்கொள்ளுங்கள். வெட்டிய மண்ணை வெளியே விற்க நினைக்காதீர்கள், அதற்குத் தனி அனுமதி, தனி வம்பு. டீயை உயர்த்தவும் மேடு போடவும் உள்ளேயே தேவைப்படும்.

வெட்டுவதற்கு முன் கிராம வரைபடத்தை விரித்துப் பாருங்கள். கண்மாய்க்குப் போகிற வரத்துக் கால்வாய் ஏதாவது உங்கள் நிலத்துக்குள் ஓடினால் அதைத் தொடக் கூடாது, மறிக்கவும் கூடாது. கீழே இருக்கிற ஆயக்கட்டுக்காரர் ஒருவர் உயர் நீதிமன்றக் கிளைக்கு ஒரு மனு போட்டால் உங்கள் ஒன்பது குழியும் அப்படியே நின்றுவிடும்.

மாநகராட்சிக்கு அவனியாபுரத்திலும் சக்கிமங்கலத்திலும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. வறட்சி வருடத்துக்கு அந்தத் தண்ணீரைக் கேட்டு வைக்கலாம். அருகம்புல் வகை உப்பை ஓரளவு தாங்கும். அதிகம் உப்பு என்றால் பாஸ்பலம் என்ற புல் இருக்கிறது, கடற்கரை மைதானங்களில் போடுவது. எதுவானாலும் முதலில் ஒரு பாட்டில் தண்ணீரை ஆய்வுக்கு அனுப்பிவிட்டுப் பேசுங்கள்.

கிரீன் மேல் தண்ணீர் நிற்பதற்கு மழையைக் குறை சொல்லிப் பயனில்லை, அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வரும் ஞாயிறு காலை, கோல்ஃப் ஆடாத நாலு பேரையும் வம்படியாகக் கூட்டிக்கொண்டு போங்கள். குழி வெட்டுவதற்கு உங்கள் மாலி (தோட்டக்காரர்) ஒரு உருளைக் கருவி வைத்திருப்பார். நாலேகால் அங்குலக் குழி போடுகிற கருவி. அதையே ஒரு அடி ஆழம் வரை இறக்கி மண்ணை உருவச் சொல்லுங்கள். மேலே அரை அங்குலம் பழைய புல் மக்கிப் பஞ்சு மாதிரி இருக்கும். அதன் கீழே வருடா வருடம் தூவிய மணல் பட்டை பட்டையாகத் தெரியும். அப்புறம் களி. மோந்து பாருங்கள், அழுகிய முட்டை வாடை வந்தால் அங்கே வேருக்குக் காற்றே போகவில்லை. அந்தக் குழியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு காபி குடித்துவிட்டு வாருங்கள். தண்ணீர் அப்படியே நின்றால் அந்த கிரீனைத் தோண்டித்தான் ஆக வேண்டும். மேலே புதுப் புல் ஒட்டுவதெல்லாம் காசைக் கரைக்கிற வேலை. போய்விட்டால் அந்த கிரீனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒன்பதையும் உடைக்கச் சொல்லும் கான்ட்ராக்டர் இந்தச் சோதனையைச் செய்தாரா என்று கேளுங்கள்.

முறைப்படி கட்டினால் அடியில் துளையிட்ட குழாய், அதன் மேல் நாலு அங்குலம் சல்லி, அதன் மேல் ஒரு அடி மணல். 5,000 சதுர அடிக்கு மணல் மட்டும் 50 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி), சல்லி 17 யூனிட். வைகை மணலைக் கனவிலும் நினைக்காதீர்கள். எம்-சாண்ட் போடலாம், ஆனால் கழுவிச் சலித்துத் தூசு போன எம்-சாண்ட். கட்டடத்துக்கு வருவதை அப்படியே கொட்டினால் இரண்டே வருடத்தில் சிமென்ட் தரை. வருடத்துக்கு மூன்று கிரீன் எடுத்தால் ஆட்டமும் நிற்காது. பொங்கல் முடிந்து மண் வேலை, ஆனியில் புல் நடவு. ஐப்பசி மழைக்கு முன் வேர் பிடித்துவிட வேண்டும், இல்லையென்றால் மணலோடு புல்லும் ஓடிவிடும். பிரவுன்களிலிருந்து எடுக்கிற எண்ணெய் மணலைக் குளத்துப் பக்கமோ கண்மாய்ப் பக்கமோ கொட்ட விடாதீர்கள். நடவு முடிந்த வாரத்தில் மயில் வரும், கூட்டமாக வரும். வலை வாங்குங்கள், எந்த எஸ்டிமேட்டிலும் அது இருக்காது.

இனி பணம். இப்படிப் பிரித்தால் முதல் வருடத்தில் செய்ய வேண்டியது குளம், பம்ப், பெரிய குழாய், மூன்று கிரீன் மட்டும். நாலு கோடி என்ற பேச்சே அப்போது எழாது.

தலைக்கு ஒரு லட்சம் லெவி எடுபடாது. சீட்டாட வருகிற 330 பேர் 70 பேருடைய புல்லுக்கு ஏன் கட்ட வேண்டும்? ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தால் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம். (சங்கம் தன் உறுப்பினரிடமே வாங்கும் பணத்துக்கு வரி உண்டா என்ற விவாதம் நீதிமன்றங்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்குங்கள்.) ஜெனரல் பாடியில் சத்தம் கிளம்பும், பத்து நல்ல உறுப்பினர்கள் விலகுவார்கள். நான் பிரிப்பது வேறு மாதிரி. குளமும் குழாயும் தோட்டம், டென்னிஸ் கோர்ட் என்று எல்லோருக்கும் பயன்படுவதால் பொது நிதி. கிரீன், டீ, பங்கர் (மணல் பள்ளம்), புல் வெட்டும் மெஷின் எல்லாம் கோல்ஃப் ஆடுகிறவர்களின் பணம். ஆளுக்கு மூன்று தவணை, எழுத்தில் ஒப்புதல். அந்த 70 பேரில் 50 பேர் கையெழுத்துப் போடவில்லை என்றால் மைதானம் வேண்டும் என்று சொன்னவர்களுக்கே அது அவ்வளவாக வேண்டாம் என்று அர்த்தம். திட்டத்தைச் சுருக்குங்கள்.

டெபாசிட்? வேண்டவே வேண்டாம். 12 சதவீதம் என்று சொல்லி ஊரில் பணம் திரட்டியவர்கள் கதை மதுரைக்காரருக்குத் தெரியாததா. முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்யும் 2019-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் இருக்கிறது, தமிழ்நாட்டுக்கு 1997-லிருந்தே முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இவை உங்கள் கிளப்புக்குப் பொருந்துமா என்று வக்கீல் சொல்லும் வரை ஒரு ரூபாய் வாங்காதீர்கள். பொருளாளர் என்ற முறையில் ரசீதில் உங்கள் கையெழுத்துதான் இருக்கும்.

வங்கிக் கடன், மெஷினுக்கு மட்டும் என்றால் சரி. மெஷினே ஈடு. மைதானத்துக்கு என்றால் வங்கி நிலத்தைக் கேட்கும், அல்லது கமிட்டி உறுப்பினர்களின் சொந்த ஜாமீனைக் கேட்கும். கௌரவப் பதவிக்கு வீட்டை ஈடு வைக்கிறவர் யாராவது உண்டா? அதோடு, கடன் வாங்க உங்கள் பைலாவில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பணத்தை வசூலித்து மூன்று வருடம் ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்டு வைக்கலாம் என்று யாராவது சொன்னால், அந்த வட்டிக்கு வருமான வரி உண்டு என்று நினைவூட்டுங்கள். உறுப்பினர் பணம் உறுப்பினருக்கே என்ற வாதம் வங்கி வட்டிக்குச் செல்லாது என்று பெங்களூர் கிளப் வழக்கில் 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. செகந்திராபாத் கிளப் வழக்கில் 2023-ல் அதையே உறுதி செய்தது. ஒவ்வொரு குழிக்கும் ஒரு ஜவுளிக்கடை போர்டு வைத்து விளம்பரப் பணம் வாங்கலாம், தாராளமாக. அதுவும் வெளியார் வருமானம்தான், வரி போகத்தான் கணக்கு.

பில்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், உங்கள் கமிட்டிக்கு மனசு அங்கேதான் இருக்கிறது என்று கடிதத்திலேயே தெரிகிறது. ரோட்டை ஒட்டிய 6 ஏக்கர் என்பது உங்கள் நிலத்திலேயே விலை அதிகமான பகுதி. அவர் கட்டித்தரும் மைதானம் அவருடைய விளம்பரத்துக்கும் படம். அங்கே வீடு வந்தபின் உங்கள் பந்து ஒரு ஜன்னலை உடைத்தால் கண்ணாடிக்குப் பணம் கேட்பார்கள். ஒரு குழந்தையின் தலையில் பட்டால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டாம். அப்புறம் வீட்டுக்காரர்கள் சங்கம் ஒன்று முளைக்கும், காலை ஆறு மணிக்கு மெஷின் ஓட்டாதே என்று கடிதம் வரும். இத்தனையும் எதற்கு? ஆறேழு வருடத்தில் திரும்பச் செப்பனிட வேண்டிய புல்லுக்கு, திரும்பவே வராத நிலம்.

நிலம் என்றதும் அந்த 15 ஏக்கர் குத்தகை ஞாபகம் வருகிறது. சென்னை கிண்டியில் ரேஸ் கிளப்பிடம் இருந்த 160 ஏக்கர் குத்தகையை அரசு 2024-ல் ரத்து செய்தது. அந்த வளாகத்துக்குள்தான் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானமும் இருந்தது. உங்கள் குத்தகை எந்த வருடம் முடிகிறது, வாடகை பாக்கி ஏதும் உண்டா? அது புதுப்பிக்கப்படும் வரை அந்த 15 ஏக்கரில் ஒரு யூனிட் மணல்கூட இறங்கக் கூடாது. அங்கே எத்தனை கிரீன் இருக்கிறதோ அத்தனையும் கடைசி வருடத்துக்குத் தள்ளுங்கள். மூன்று பிரவுனும் அங்கேதான் என்றால் பிரவுனாகவே இருக்கட்டும். தண்ணீர் கேட்காத கிரீன் மதுரையில் ஒன்றும் அவமானம் இல்லை.

ராஜினாமா விஷயத்தில் உங்கள் வீட்டம்மா சொல்வதில் பாதி சரி. இப்போது போகாதீர்கள். பில்டர் பேச்சு நடக்கும்போது பொருளாளர் நாற்காலி காலியானால் அதில் யார் உட்காருவார் என்று உங்களுக்கே தெரியும். ஆண்டுக் கணக்கை ஆடிட் முடித்து, ஜெனரல் பாடியில் வைத்து, பில்டர் யோசனைக்கு நீங்கள் ஒப்பவில்லை என்பதை மினிட்ஸில் உங்கள் பெயரோடு எழுத வைத்து, அந்தப் பக்கத்தின் நகலை வாங்கிக்கொண்டு அப்புறம் போங்கள்.